மலை ரோட்டில் முதல் 5 கிலோமீட்டர்

ஊட்டியிலோ குன்னூரிலோ இருந்துகொண்டு முதல்முறையாக ஒரு 5 கி.மீ. ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் செய்யும் முதல் காரியம், போனில் ஒரு பயிற்சி அட்டவணையை இறக்கிக்கொள்வது. அட்டவணை மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சமதளத்தில் ஓடுகிறவர்களுக்காக எழுதியது, அவ்வளவுதான். 'கிலோமீட்டருக்கு 7 நிமிட வேகத்தில் 20 நிமிடம்' என்று போட்டிருக்கும். கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் அதை அப்படியே செய்துவிடலாம். குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்போர்டு ஏறும் ரோட்டில் அந்த 7 நிமிட வேகத்தைப் பிடிக்கப் பார்த்தால் மூன்றாவது நிமிடமே மூச்சு தொண்டையில் வந்து நிற்கும். திரும்பி இறங்கும்போது கால் தன்னால் 5 நிமிட வேகத்துக்குப் பாயும். இரண்டையும் சேர்த்து, கிட்டத்தட்ட சரியான சராசரியைக் கைக்கடிகாரம் காட்டும். ஏற்றத்தில் நெஞ்சு பட்ட பாடும் இறக்கத்தில் தொடை பட்ட பாடும் அந்தச் சராசரிக்குள் காணாமல் போய்விடும்.

அதனால் மலையில் பயிற்சி எடுக்கிறவர் முதல் போட்டி முடியும்வரை வேகக் கணக்கை மூட்டை கட்டி வைப்பது நல்லது. எத்தனை நிமிடம் ஓடினோம், மூச்சு எப்படி இருந்தது, இந்த இரண்டு போதும். சொல்ல எளிது, செய்வதற்குப் பொறுமை வேண்டும்.

உயரத்தின் கணக்கை ஒரு தடவை தெரிந்துகொண்டால் பொறுமை தானாக வரும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். கொடைக்கானல் 2,130 பக்கம், குன்னூர் 1,850 பக்கம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எல்லா ஊரிலும் 21 சதவீதம்தான். மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைவதால் ஒரு மூச்சுக்கு உள்ளே போகும் அளவு குறைகிறது. ஊட்டியில் அந்த அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். மெக்சிகோ நகரமும் கிட்டத்தட்ட இதே உயரம்தான். 1968 ஒலிம்பிக் அங்கே நடந்தபோது, காற்றின் தடை குறைந்ததால் 100 மீட்டரில் ஜிம் ஹைன்ஸ் 9.95 விநாடி, நீளம் தாண்டுதலில் பாப் பீமன் 8.90 மீட்டர் என்று சாதனைகள் சரிந்தன. நீண்ட ஓட்டங்களில் நிலைமை தலைகீழ். 10,000 மீட்டரைக் கென்யாவின் நஃப்தாலி டெமு 29 நிமிடம் 27 விநாடியில் வென்றார். அப்போதைய உலக சாதனை 27 நிமிடம் 39 விநாடி. அந்தச் சாதனைக்குச் சொந்தக்காரரான ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தார்.

உலக சாதனைக்காரருக்கே அந்தக் கதி என்றால், நம் கடிகாரம் காட்டும் எண்ணுக்காக மனசு ஒடிய வேண்டியதில்லை. சமவெளியில் 5 கி.மீட்டரை 35 நிமிடத்தில் ஓடுகிறவர் ஊட்டியில் மேடு பள்ளம் இல்லாத இடத்திலேயே ஒன்றரை முதல் இரண்டரை நிமிடம் கூடுதலாக எடுப்பது இயல்பு. ஏற்றம் இருந்தால் அதற்கு மேல். இதே மெலிந்த காற்றுக்காகத்தான் லலிதா பாபர், சுதா சிங் போன்ற நம் நாட்டு நீண்டதூர வீராங்கனைகள் ஊட்டிக்கு வந்து பயிற்சி எடுத்தார்கள். அவர்கள் தேடி வந்த காற்று நமக்கு வாசலிலேயே கிடைக்கிறது.

மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் படி ஏறி இறங்கிய கால்கள். கெண்டைக்காலும் தொடையும் ஏற்கெனவே உரமாக இருக்கும். நாள் முழுக்கத் தோட்டத்துச் சரிவில் கொழுந்து பறித்த ஒருவருக்கு ஏற்றம் நடக்கச் சொல்லித்தர யாரும் வேண்டாம். பழக்கமில்லாதது, நிற்காமல் அரை மணி நேரம் ஒரே சீராகப் போவதும், நடையில் இல்லாத அந்தக் குதிப்பின் அதிர்ச்சியும்தான். மூச்சு ஆறு வாரத்தில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் அதைவிட மெதுவாகப் பழகும். 'எனக்குத்தான் மூச்சு வாங்கலையே' என்று மூன்றாவது வாரத்தில் தூரத்தை இரட்டிப்பாக்குகிறவர்கள்தான் நான்காவது வாரத்தில் முன்னங்கால் எலும்பைத் தடவிக்கொண்டு உட்காருகிறார்கள்.

சமதளம் எங்கே இருக்கிறது?

நீலகிரியில் அதைத் தேடிப் பிடிப்பதே பாதி வேலை. ஊட்டிக்காரர்களுக்கு ஏரியை ஒட்டிய ரோடும் ரேஸ்கோர்ஸைச் சுற்றிய பகுதியும் ஓரளவு மட்டம். 400 மீட்டர் ஓடுபாதை போட்ட மைதானம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஆரம்ப வாரங்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. பன்னிரண்டரை சுற்று 5 கி.மீ.; தூரத்தில் சந்தேகமே வராது. ஒரே பக்கமாகச் சுற்றினால் உள்பக்கக் கால் கூடுதலாகச் சுமக்கும், அதனால் கூட்டம் இல்லாத நேரத்தில் சுற்றுகளில் பாதியை எதிர்த்திசையில் ஓடுங்கள். கோத்தகிரி, குன்னூர்க்காரர்கள் பாடு கொஞ்சம் கஷ்டம். பள்ளி மைதானமோ, மட்டமான 300 மீட்டர் ரோடோ கிடைத்தால் அதிலேயே போய்வந்து நேரத்தை நிரப்புவதைத் தவிர வழியில்லை. சலிப்பாகத்தான் இருக்கும்.

கொடைக்கானல்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஏரியைச் சுற்றும் ரோடு ஏறக்குறைய 5 கி.மீ., பெரிய ஏற்றமும் கிடையாது. பந்தயத் தூரத்தை யாரோ அளந்து வைத்ததுபோல. ஒன்பது மணிக்கு மேல் வாடகை சைக்கிளும் குதிரைகளும் வந்துவிடும், குதிரைச் சாணத்தில் கால் வைக்காமல் ஓடுவது தனி வித்தை. ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவே முடித்துவிட்டால் ரோடு உங்களுடையது. கோக்கர்ஸ் வாக்கில் ஓடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. மொத்தமே ஒரு கிலோமீட்டர், நுழைவுச்சீட்டு வேறு, மூடுபனியில் கல்தரை வழுக்கும். அது வேடிக்கை பார்க்கிற இடம்.

ஜி.பி.எஸ். கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உயரமான மரக் கூட்டத்துக்கும் மலைச்சுவருக்கும் நடுவில் ஓடும்போது சிக்னல் சிதறும். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு புள்ளிக்கு நடுவே நேர்க்கோடு போட்டு வளைவையே வெட்டிவிடும். தூரம் குறைவாகக் காட்டும், வேகம் தப்பாகக் காட்டும். கிலோமீட்டர் கல் உள்ள ரோடாக இருந்தால் கல்லை நம்புங்கள்.

எட்டு வாரம்

நிற்காமல் நாற்பது நிமிடம் சாதாரணமாக நடக்க முடிகிறவருக்கு எட்டு வாரம் போதும். அதுவும் முடியாதவர் முதலில் இரண்டு மூன்று வாரம் நடையை மட்டும் பழகட்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள், நடந்தாலே நெஞ்சு இறுக்குகிறவர்கள் ஷூ வாங்குவதற்கு முன் டாக்டரைப் பார்த்துவிடவேண்டும்.

வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டம், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. செவ்வாய், வியாழன், ஞாயிறு வசதியாக இருக்கும். ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிட நடையில் தொடங்கி ஐந்து நிமிட நடையில் முடியும். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டு முறை. இரண்டாம் வாரம் இரண்டு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பது ஆறு முறை. மூன்றாவது வாரம் மூன்றுக்கு இரண்டு, ஐந்து முறை. நான்காவதில் ஐந்துக்கு இரண்டு, நான்கு முறை. ஐந்தாவது வாரம் எட்டுக்கு இரண்டு, மூன்று முறை. ஆறாவது வாரம் செவ்வாயும் வியாழனும் பன்னிரண்டு நிமிட ஓட்டம் இரண்டு, ஞாயிறன்று நிற்காமல் இருபது. ஏழாவதில் நடுநாட்கள் இருபத்தைந்து, ஞாயிறு முப்பதிலிருந்து முப்பத்தைந்து. எட்டாவது வாரம் செவ்வாய் இருபது நிமிடம், வியாழன் பத்து நிமிடம், ஞாயிறு போட்டி. ஏதாவது ஒரு வாரம் தொண்டையில் சிக்கினால் அதையே இன்னொரு வாரம் செய்யலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அதற்காகத்தான் போட்டித் தேதியிலிருந்து பத்து வாரம் முன்னாடியே தொடங்கச் சொல்வது.

இதில் 'ஓட்டம்' என்று சொன்னதெல்லாம் பக்கத்தில் வருகிறவரிடம் "காலைல என்ன டிபன், சாயங்காலம் எத்தன மணிக்கு வருவீங்க?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிடக்கூடிய ஓட்டம். 'டிபன்' என்ற இடத்தில் மூச்சு அறுந்தால் வேகம் கூடிவிட்டது. பாட்டே பாட முடிகிறது என்றால் கொஞ்சம் கூட்டலாம். இந்த வேகம் முதலில் வெட்கப்படும் அளவுக்கு மெதுவாக இருக்கும். பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிற அக்கா உங்களைத் தாண்டிப் போகக்கூடும். போகட்டும். மெதுவாக ஓடும் இந்த நிமிடங்களில்தான் இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் கூடுகிறது, தசைக்குள் நுண்குழாய்கள் பெருகுகின்றன. தினமும் மூச்சிரைக்க ஓடினால் அடுத்த நாளைக்கு உடம்பு தயாராகாது, எட்டு வாரத்தில் பாதி நாள் தவறிப்போகும்.

வழியில் ஏற்றம் வந்தால்? அடியைக் குறுக்குங்கள், ஐந்தாறு மீட்டர் முன்னால் பாருங்கள், இடுப்பை மடக்காமல் கணுக்காலிலிருந்து லேசாக முன்சாயுங்கள். மூச்சு அதே நிலையில் இருக்கவேண்டும், வேகம் எவ்வளவு குறைந்தாலும் சரி. செங்குத்தாக இருந்தால் நடந்துவிடலாம். நல்ல ஏற்றத்தில் வேகநடைக்கும் புதியவரின் ஓட்டத்துக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, மூச்சில் மட்டும் ஏகப்பட்ட மிச்சம்.

இறக்கம்

மலைப் போட்டியில் புதியவர்களைக் கவிழ்ப்பது ஏற்றம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும், நின்றால் இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். இறக்கம் வாங்குவது தொடையை. அது திரும்பி வர நாலு நாள் ஆகும்.

காரணம் இதுதான். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பைத் தடுத்துப் பிடிக்கவேண்டும். இழுபட்டபடி பாரம் சுமக்கும் தசையில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. அன்றைக்கு ஒன்றும் தெரியாது, "ஜம்முனு இறங்கிட்டேன்" என்று பெருமையாகக்கூட இருக்கும். மறுநாள் காலை லேசாகத் தெரியும். அதற்கடுத்த நாள் வீட்டுப்படி இறங்கக் கைப்பிடிச் சுவர் வேண்டும்.

இதற்கு உடம்பிலேயே ஒரு மருந்து இருக்கிறது. ஒரு தடவை இறங்கி வலி கண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தில் அவ்வளவு சேதப்படாது. எனவே வலியைச் சிறிய அளவில் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். நான்காவது வார ஞாயிறன்று, ஓட்டத்தின் கடைசியில், நடுத்தரச் சரிவாக 200 மீட்டர் இறக்கம் ஒன்றில் மூன்று முறை இறங்குங்கள், ஏறும்போது நடை. ஐந்தாவது வாரம் நான்கு முறை, ஆறாவது வாரம் ஐந்து முறை. அதோடு நிறுத்திவிடவேண்டும். போட்டிக்கு முந்தைய பத்து நாளில் புதிதாக எந்தப் பெரிய இறக்கமும் வேண்டாம்.

இறங்கும் விதமும் முக்கியம். பயத்தில் எல்லாரும் பின்னால் சாய்ந்து, காலை முன்னால் நீட்டி, குதிகாலால் பிரேக் போடுகிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் 'பட், பட்' என்று ரோட்டில் சத்தம் கேட்டால் அதுதான் நடக்கிறது. அந்த அதிர்ச்சி நேராக முட்டிக்குப் போகும். அடியைச் சின்னதாக, வேகவேகமாக வையுங்கள். பாதம் உடம்புக்கு நேர்கீழே விழவேண்டும், முட்டி எப்போதும் கொஞ்சம் மடங்கியிருக்கவேண்டும், கைகள் சமநிலைக்காகச் சற்று அகன்றால் தப்பில்லை. சத்தம் குறைந்தால் சரியாக இறங்குகிறீர்கள் என்று அர்த்தம். வேகம் கைமீறுவதுபோல் இருந்தால் அடியை இன்னும் குறுக்கவேண்டும்.

கொண்டை ஊசி வளைவுக்கென்று தனிக் கணக்கு. வளைவின் உள்விளிம்பு தூரத்தில் குறைவு, சரிவில் அதிகம். வெளிவிளிம்பு நீளம், ஆனால் சரிவு குறைவு. ஏறினாலும் இறங்கினாலும் புதியவருக்கு வெளிப்பக்கமே லாபம். சில மீட்டர் கூடுதலாக ஓடுவது, செங்குத்தாகச் சில அடி வைப்பதைவிட மலிவு. இது வண்டிகளை நிறுத்திய பந்தயப் பாதைக்குச் சொன்னது. பயிற்சி நாட்களில் எதிரே வரும் வண்டி தெரியும்படி வலது ஓரமாக ஓடுங்கள். வலது ஓரம் மலைச்சுவரை ஒட்டி வளைந்து முன்பக்கம் மறைகிற இடம் வந்தால், வளைவுக்கு முன்பே ரோட்டைத் தாண்டி மறுபக்கம் போய், வளைவு முடிந்ததும் திரும்புங்கள். பஸ்கள் திரும்பும்போது பின்பக்கம் உள்விளிம்பை ஒட்டியே வரும், அங்கே ஒதுங்க இடம் இருக்காது.

வலியைப் பிரித்தறியத் தெரியவேண்டும். இரண்டு காலிலும் ஒரே மாதிரி, பரவலாக, தொட்டால் மந்தமாக வலித்தால் அது தசைவலி. நடக்க நடக்கக் குறையும். முன்னங்கால் எலும்பின் உள்விளிம்பில் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்கு வலித்தால் எலும்பை ஒட்டிய திசு எரிச்சல், ஒரு வாரம் இறக்கத்தை விட்டுவிட்டு மண்தரையில் குறைத்து ஓடினால் பெரும்பாலும் அடங்கும். ஒரே ஒரு புள்ளியில், காசு அகலத்துக்குள், சுரீர் என்று வலித்தால் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் போகவேண்டும். அது எலும்பு விரிசலின் தொடக்கமாக இருக்கலாம், தைலத்துக்கு அடங்காது.

ஷூவும் உடுப்பும்

ஷூ வாங்கச் சாயங்காலம் போங்கள், பாதம் அப்போது சற்று வீங்கி உண்மையான அளவில் இருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸோடு போட்டுப் பார்க்கவேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடம் வேண்டும். சமவெளிக்காரர் கொஞ்சம் இறுக்கமாக வாங்கிச் சமாளிப்பார். இங்கே ஒவ்வொரு இறக்கத்திலும் விரல்கள் முன்னால் போய் இடிக்கும், பெருவிரல் நகம் கறுத்து ஒரு மாதத்தில் கழன்றுவிடும்.

அதைத் தடுக்க ஷூவிலேயே ஒரு ஏற்பாடு உண்டு, பலர் கவனிப்பதில்லை. லேஸ் போகும் வரிசையின் உச்சியில், கொஞ்சம் பின்தள்ளி, ஒரு கூடுதல் ஓட்டை இருக்கும். லேஸை வழக்கமான கடைசி ஓட்டைவரை கோத்தபின், குறுக்கே கொண்டுபோகாமல் அதே பக்கத்துக் கூடுதல் ஓட்டைக்குள் விடுங்கள். இரண்டு பக்கமும் சின்ன வளையம் ஒன்று நிற்கும். இடது லேஸை வலது வளையத்துக்குள்ளும் வலது லேஸை இடது வளையத்துக்குள்ளும் நுழைத்து, கீழ்ப்பக்கமாக இழுத்து இறுக்கி, அப்புறம் முடிச்சுப் போடுங்கள். குதிகால் பின்சுவரோடு ஒட்டி நின்றுவிடும், பாதம் முன்னால் சறுக்காது.

மழைக்காலத்தில் நனைந்த ஷூ இரண்டு நாளானாலும் காயாது. அடியட்டையை வெளியே எடுத்துவிட்டு உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள், இரண்டு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள். அடுப்புப் பக்கத்திலோ ஹீட்டர் முன்னாலோ வைத்தால் பசை விடும், அடிப்பாகத்து நுரை சுருங்கிக் கெட்டியாகும். ஷூ புதிதாக இருந்தால் போட்டிக்கு முன் குறைந்தது 30 கி.மீ. போட்டு ஓடியிருக்கவேண்டும். பருத்தி சாக்ஸ் வேர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு கொப்புளம் போடும், நைலானோ பாலியஸ்டரோ கலந்தது நல்லது.

குளிருக்கு உடுத்துவதில் ஒரு விதி: கிளம்பும்போது லேசாகக் குளிரவேண்டும். ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் உடம்புக்கு வெளியே இன்னும் எட்டுப் பத்து டிகிரி கூடியதுபோல் இருக்கும். ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் போட்டு வீட்டிலேயே கதகதப்பாக இருந்தால் இரண்டாவது கிலோமீட்டரில் அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு திண்டாடவேண்டும். வேர்வையில் நனைந்த பருத்தி பனியன், ஓட்டம் நின்ற அடுத்த நிமிடமே ஐஸாகிவிடும். அக்குள், உள்தொடை, மார்பு, பிரா பட்டை உரசும் இடங்களில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். பெண்கள் ஓட்டத்துக்கென்று உள்ள ஸ்போர்ட்ஸ் பிராவில் காசு பார்க்கவேண்டாம், ஷூவுக்கு அடுத்து அவசியமானது அதுதான்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஊட்டியில் காந்தல், தலைகுந்தா பக்கமெல்லாம் உறைபனி விழும். புல்லும் மரப்பலகையும் தார் ரோட்டின் நிழல் விழும் திருப்பங்களும் வழுக்கும். வெயில் பட்டபின் கிளம்புங்கள். காய்ந்த குளிர்காற்று தொண்டையை எரிக்கும். மெல்லிய துணியால் வாயை மூடிக்கொண்டு முதல் பத்து நிமிடம் ஓடினால் காற்று சற்றுச் சூடாகி உள்ளே போகும். வீசிங் உள்ளவர்கள் இன்ஹேலரை எப்போது எடுப்பது என்று டாக்டரிடம் முன்னாடியே கேட்டுவைத்துக்கொள்ளவேண்டும். குளிரில் தாகம் தெரியாது, தண்ணீர் மட்டும் உடம்பைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும்.

சீக்கிரம் கிளம்பாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் விடிவதற்கு முன் தேயிலைத் தோட்டத்து ரோடுகள் கரடிக்கும் காட்டுமாட்டுக்கும் சொந்தம். கொடைக்கானலில் காட்டுமாடு பகலிலேயே டவுனுக்குள் நிற்கும், சாதுவாகத்தான் தெரியும். நிற்கும் மாட்டைப் பக்கவாட்டில் ஓடிக் கடக்கவே கூடாது. ஓட்டத்தை நிறுத்தி, முதுகு காட்டாமல் நாலு அடி பின்வாங்கி, அது நகரும்வரை காத்திருங்கள் அல்லது திரும்பிவிடுங்கள். காதில் இயர்போன் வேண்டாம். நன்றாக விடிந்தபின், முடிந்தால் இருவராக. சாயங்காலம் ஓடுகிறவர்கள் ஐந்தரைக்குள் வீடு திரும்பும்படி பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பாடு

5 கி.மீட்டருக்கென்று தனிச் சாப்பாடு எதுவும் கிடையாது. ஜெல், எனர்ஜி பொடி, எலக்ட்ரோலைட் எல்லாம் கடைக்காரருக்கு லாபம். முந்தின இரவு சாதம், சாம்பார், ரசம் போதும். பரோட்டா சால்னாவைப் போட்டி முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஓட்டத்துக்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, அல்லது ஒரு வாழைப்பழமும் இரண்டு துண்டு ரொட்டியும். வர்க்கி வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பு வயிற்றைவிட்டு இறங்க நேரமாகும். டீயோ காபியோ வழக்கம் என்றால் அதையும் அப்போதே குடித்துவிட்டால் காலைக்கடன் வீட்டிலேயே முடியும். மைதானத்து டாய்லெட் வரிசை நீளம்.

சாப்பிட்டவுடன் ஓடினால் விலாவுக்குக் கீழே ஒரு பிடிப்பு வரும். வந்தால் வேகத்தைக் குறைத்து, உதட்டைக் குவித்து மூச்சை நீளமாக வெளியே விட்டு, வலிக்கும் இடத்தை விரலால் அழுத்திக்கொண்டு நூறு மீட்டர் நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

பெண்களுக்குக் குறிப்பாக ஒன்று. ஆறு வாரம் ஒழுங்காகப் பயிற்சி எடுத்தும் மூச்சு வாங்குவது குறையவில்லை, மாடி ஏறினால் படபடப்பு என்றால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. ஒரு மூச்சுக்கு ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கும் உயரத்தில், அதைச் சுமக்கும் வண்டிகளும் குறைவு என்றால் பயிற்சி என்ன செய்யும்? தேயிலை நாட்டில் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லவேண்டும்: சாப்பாட்டோடு குடிக்கும் டீ, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சாப்பாட்டோடு சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும்.

போட்டி வாரம்

முதல் வேலை, பாதையை ஒருமுறை நடந்து பார்ப்பது. தொடங்கும் இடமும் முடியும் இடமும் ஒன்றே என்றால் ஏறியதெல்லாம் இறங்கியாகவேண்டும். முதல் கிலோமீட்டர் இறக்கமாக இருந்தால் மகிழவேண்டாம், கடைசிக் கிலோமீட்டர் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் நடப்பது என்பதையும் அன்றே முடிவு செய்துவிடலாம், போட்டி நடுவில் அதற்கு மனசு இடம் கொடுக்காது.

சமவெளியிலிருந்து வருகிறவர்கள் முந்தின நாள் மதியத்துக்குள் வந்து சேரவேண்டும். அதிகாலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து வளைவுகளில் சுற்றி, வயிற்றைப் பிரட்டிக்கொண்டு இறங்கி, நேராக ஓட்டக்கோட்டில் நிற்பது வேண்டாத வேலை. சொந்த வண்டியில் வந்தால் இ-பாஸ் எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சீசன் நேரத்து நெரிசலில் கடைசி பத்துக் கிலோமீட்டர் இரண்டு மணி நேரம் எடுக்கலாம்.

எண் சீட்டை முந்தின இரவே பனியனின் முன்பக்கம் நான்கு மூலையிலும் ஊக்கு குத்தி மாட்டிவிடுங்கள். நேரம் பதியும் சிப் அதில் ஒட்டியிருந்தால் மடிக்கக்கூடாது, ஜெர்கினால் மறைக்கக்கூடாது. ஓட்டத்துக்கு இருபது நிமிடம் முன்னால் பத்து நிமிட வேகநடை, கொஞ்சம் மெல்லோட்டம், கால்களை முன்பின்னாக வீசுவது. குளிரில் நின்றபடி தசையை இழுத்துப் பிடிப்பது அப்போது வேண்டாம். பழைய ஸ்வெட்டரைக் கடைசி ஐந்து நிமிடம் வரை போட்டிருந்து உடன் வந்தவரிடம் கொடுங்கள்.

கோட்டில் பின் மூன்றில் ஒரு பங்கில் நில்லுங்கள். மைக்கில் அலறலும் மேளமும் சேர்ந்து முதல் முந்நூறு மீட்டரில் எல்லாரையும் பறக்கவிடும். நீங்கள் அந்த டிபன் கேள்வியை மனசுக்குள் கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு கிலோமீட்டரில் ஒரே மூச்சில் கேட்க முடியவேண்டும். மூன்றாவதில் இரண்டு மூச்சு ஆகலாம். நான்காவதில் ஒற்றைச் சொல்தான் வரும், சரிதான். கடைசி அரைக் கிலோமீட்டரில் மிச்சமிருப்பதைச் செலவழிக்கலாம், அது இறக்கமாக இருந்தால் மட்டும் அடியைக் குறுக்கிக்கொள்ளுங்கள். தலை சுற்றினாலோ நெஞ்சு இறுக்கினாலோ ஓரமாக நின்று, பக்கத்திலிருக்கும் தன்னார்வலரைக் கூப்பிடவேண்டும்.

முடித்ததும் பொத்தென்று உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். முதல் வேலையாக ஈரத்துணியை மாற்றுங்கள், மெடலோடு போட்டோ அப்புறம். சூடாக ஒரு டீ, வர்க்கியும் இப்போது தாராளமாக. மூன்றாவது நாள்தான் தொடை உச்சத்தில் வலிக்கும், அன்று மட்டமான இடத்தில் அரை மணி நேரம் நடை. படி இறங்கும்போது வலி இல்லை என்று ஆனபிறகு மறுபடி இருபது நிமிட மெல்லோட்டத்தில் தொடங்கலாம். அதற்கு ஒரு வாரம் ஆனாலும் சரி.